நினைவுகூரல் துறையும் ஏழு தகர டிரம்மும்

நான் பொய் சொல்லமாட்டேன் என்று என் மனைவி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆனாலும் இந்த விஷயத்தில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்லுமளவுக்கு எனக்கு இடமே வைக்காமல் நகரசபை எல்லாவற்றையும் தானே செய்து முடித்துவிட்டது.

கடிதம் வந்தது ஒரு வியாழக்கிழமை மாலை. “நம் நகரத்தின் மாற்றுக் கலாசாரத்துக்குத் தொட்டிலாக விளங்கி மறைந்துபோன தங்கள் பன்மொழிச் சமூக மையத்தை உரிய மரியாதையுடன் நினைவுகூர்வது என்று நினைவுகூரல் துறை முடிவு செய்துள்ளது. மறைந்த மையத்தின் சார்பில் யாரேனும் ஒருவர் துறையைத் தொடர்புகொள்ளவும்.”

மறைந்த மையத்தின் வாசல் மேசையில் உட்கார்ந்துகொண்டுதான் இதைப் படித்தேன். பக்கத்து அறையில் பதினாறு பேர் ஏதோ ஒரு மொழியில் ஒன்று இரண்டு மூன்று சொல்லக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்த அறையில் இரண்டு கிழவர்கள் சதுரங்கப் பலகைக்கு மேலாக ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய கூடத்தில் என் மனைவியின் வாத்தியக் குழு ஒத்திகையில் இருந்தது. ஏழு பெண்கள், ஏழு தகர டிரம். கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து கடிதத்தின் மேல் விழுந்தது. ஊதிவிட்டு இன்னொரு முறை படித்தேன். அப்போதும் மறைந்துதான் போயிருந்தோம்.

நான் அங்கே சாவிக்காரன். எப்படி ஆனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

அந்தக் கட்டடம் முன்பு குடைத் தொழிற்சாலை. நான் அதில் வாயில்காவலன். தொழிற்சாலையை மூடிய வாரத்தில் அதன் படிக்கட்டில் இரண்டு கூட்டம் வந்து உட்கார்ந்தது. ஒன்று, வெவ்வேறு தேசங்களிலிருந்து இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள். எந்த மண்டபத்திலும் அவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை. இன்னொன்று, இதே ஊரில் பிறந்து முடி வளர்த்தவர்கள். அவர்களுக்கு அவர்கள் வீட்டிலேயே இடம் கொடுக்கவில்லை. இரண்டு கூட்டமும் முதலாளியிடம் போய், பேசிக்கொள்ள ஒரு இடம் வேண்டும் என்று கேட்டன. முதலாளி நல்ல மனுஷர். என்னைக் கூப்பிட்டு, “கூட்டம் முடிஞ்சதும் பூட்டிட்டு சாவியைக் கொண்டா” என்றார்.

முப்பத்தொன்பது வருடம் ஆகிறது. சாவி இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது.

முதல் கூட்டத்தில் நூற்றுப் பத்துப் பேர், பதினோரு மொழி. யாருக்கும் குறை இருக்கக் கூடாது என்று, பேசப்படும் ஒவ்வொரு வாக்கியமும் பதினோரு மொழியிலும் சொல்லப்பட வேண்டும் என முடிவு செய்தார்கள். அந்த முடிவைப் பதினோரு மொழியில் சொல்லி முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. தலைமை தாங்கியவர் தெருமுனை ரொட்டிக்கடைக்காரர். முதல் தீர்மானம், மையத்துக்கு என்ன பெயர் வைப்பது. நாலு மணி நேரம் அதிலேயே போயிற்று. தொண்டை வறண்டு எல்லாரும் தேநீர் கேட்டார்கள்.

தொழிற்சாலைக் கேன்டீனில் ஒரு கெட்டில் இருந்தது. நூற்றிருபது கோப்பை பிடிக்கும். கொதிக்க ஒன்றரை மணி நேரம் எடுக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் எங்கள் மையம் உருவானது என்பேன். தண்ணீர் கொதிக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று ஒருவர் அக்கார்டியனை எடுத்தார். ஒரு பெண்மணி தைக்கக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். முடி வளர்த்தவர்கள் கிடங்கில் மீந்து கிடந்த குடைத்துணியில் பத்திரிகை அச்சடித்தார்கள். அதைக் குடையாகத்தான் விநியோகிக்க முடிந்தது. மழை பெய்தால்தான் ஊர் படிக்கும். அந்த வருடம் கோடை நீண்டுபோனதால் வாசகர் கடிதம் ஒன்றுகூட வரவில்லை.

நான் கோப்பைக்காக வரிசையில் நின்றேன். ஒரு பெண் வந்து எனக்கு முன்னால் நுழைந்தாள். “வரிசை இருக்கு” என்றேன். “தெரியுது, அதான் முன்னாடி நிக்கிறேன்” என்றாள். அவளைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். இன்றுவரை எனக்கு முன்னால்தான் நிற்கிறாள்.

பிறகு அந்த நகரத்தில் வேறெங்கும் நடக்க முடியாததெல்லாம் எங்களிடம் நடந்தது. பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டியே நடிக்கும் நாடகக் குழு ஒன்று இருந்தது. பார்வையாளர்கள் கோபித்துக்கொண்டு தாங்களும் திரும்பி உட்கார்ந்தார்கள். அதுதான் அந்தக் குழுவின் மிகச் சிறந்த நாடகம் என்று இரு தரப்பும் இன்றைக்கும் சொல்கிறார்கள். அனுமதி இல்லாத வானொலி ஒன்று நடத்தினோம். அதன் ஒலிபரப்பு மாடிப்படி வரை எட்டும். போலீஸ் வந்து ஒருநாள் முழுக்கத் தேடினார்கள். மாடிப்படி ஏறாததால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்புறம் அலறல். அது ஒருவருடைய பெயர். பாட்டை அலறியேதான் பாடுவார். ஐந்து நிறத்தில் முடி முள்ளாக நிற்கும். இப்போது வழுக்கை, பல் மருத்துவர். அலறுகிற வேலையை நோயாளிகளிடம் ஒப்படைத்துவிட்டார். ஆனாலும் மாதம் ஒருமுறை கூடத்துக்கு வந்து பத்து நிமிடம் அலறிவிட்டுப் போவார். ரத்த அழுத்தத்துக்கு நல்லதாம்.

ஆக, இப்படியெல்லாம் நடந்துகொண்டிருந்த இடத்தைத்தான் நினைவுகூர வந்தார்கள்.

அடுத்த வியாழக்கிழமை துறையின் இயக்குநர் நேரில் வந்தார். கறுப்புச் சட்டை, கறுப்பு டை. ஆஸ்பத்திரியில் பேசுவதுபோலத் தணிந்த குரல். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“இழப்புக்கு வருந்தறோம் ஐயா.”

“சார், மையம் எப்ப மறைஞ்சது?” என்று கேட்டேன்.

“இன்னும் முழுசா மறையலைங்கறதுதான் எங்க துறைக்கு இருக்கிற ஒரே சிக்கல்” என்றார். “மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணிடுவோம்.”

கூடத்துக்குள் போய் இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்த வேண்டும் என்றார். உள்ளே ஏழு டிரம்மும் முழங்கிக்கொண்டிருந்தன. இயக்குநர் நடுவில் போய்த் தலைகுனிந்து நின்றார். என் மனைவி கையை உயர்த்தி அடியை நிறுத்தினாள்.

“யாரு இவர்? என்ன ஆச்சு?”

“அஞ்சலிம்மா. உங்க மையத்துக்கு.”

“மையத்துக்கா? அப்ப நாங்க யாரு?”

“நீங்க நினைவுகள்மா.”

அவள் டிரம் குச்சியால் தன் முழங்காலைத் தட்டினாள். “நினைவுக்கு முட்டி வலிக்குமா சார்? எனக்கு வலிக்குதே.”

இயக்குநர் அதைக் கையில் வைத்திருந்த கணினிப் பலகையில் குறித்துக்கொண்டார். பிறகு எங்களை உட்காரவைத்து விளக்கினார். அந்த விளக்கத்தை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன்.

“ஒரு இடம் நடந்துகிட்டு இருக்கிறவரைக்கும் அதுமேல யாருக்கும் மரியாதை வராதும்மா. கூரை ஒழுகுதுன்னு பதினாலு வருஷமா மனு போட்டீங்க. ஒரு தடவையாவது வந்தோமா? வரலை. மூடறதுன்னு முடிவு பண்ணினோம். மூணே நாள்ல கூரைக்கு உத்தரவு போட்டாச்சு. இதுலேருந்தே எங்க அன்பு உங்களுக்குப் புரியணும். இனிமே இங்க அருங்காட்சியகம். உங்களை மாதிரி ஆளுங்க எப்படியெல்லாம் இங்க புழங்கினாங்கன்னு ஜனங்க வந்து பார்ப்பாங்க. அதுக்கு முதல்ல நீங்க புழங்கறதை நிறுத்தணும். புழங்கப் புழங்க நினைவு தேயுது பாருங்க.”

“அப்ப நாங்க எங்க வாசிக்கிறது?” என்றாள் என் மனைவி.

“அது எங்க துறைக்குக் கீழ வராதும்மா. நீங்க வாசிச்சீங்கங்கறது மட்டும்தான் வரும்.”

என் மனைவி ஒரு கணம்தான் யோசித்தாள். பிறகு குழுவைப் பார்த்து, “கவலைய விடுங்கடி. அடுத்த மாசத்துலேருந்து நம்ம வீட்ல” என்றாள்.



இந்த இடத்தில் என் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டு அறை. அதில் ஒன்று சமையலறை. இன்னொன்றில் ஒரு சோபா, சோபாவில் நான். முப்பத்தொன்பது வருடமாக வியாழக்கிழமை மாலையில் அந்தக் கூடத்தில் அத்தனை இரைச்சலையும் இன்முகத்தோடு தாங்கி வந்திருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம், முடிந்ததும் சத்தமில்லாத ஒரு வீட்டுக்குப் போகிறோம் என்ற நம்பிக்கைதான். ஏழு டிரம்மில் இரண்டு எண்ணெய்ப் பீப்பாய். மற்றவை பெயின்ட் டின்னும் இரும்புத் தொட்டியும். தையல் வகுப்பில் ஏழு மிதி மெஷின்கள் ஒன்றாக ஓடிய தாளத்தில் பிறந்த குழு அது. நாளடைவில் தையல் போய்விட்டது, தாளம் தங்கிவிட்டது. பழகிப் பார்க்கலாம் என்று ஒரு ஞாயிறு மாலை வீட்டில் ஒத்திகை வைத்தார்கள். அலமாரியிலிருந்த கோப்பைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துவந்து விளிம்பில் நின்று, குதித்தன. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, பூகம்பமா என்று கேட்டார். இல்லை, என் மனைவி என்றேன். துக்கம் விசாரிப்பவர்போல என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்கே முடிவு செய்தேன். கலாசாரமாவது ஒன்றாவது, அதெல்லாம் எனக்குத் தெரியாது. எப்பாடு பட்டாவது மையம் மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்குள் துறை வேலையை ஆரம்பித்துவிட்டது. நினைவுகளைச் சேகரிக்க ஒரு கவுன்ட்டர் போட்டார்கள். மகிழ்ச்சியான நினைவுக்கு ஒற்றைப் படிவம், சோகமான நினைவுக்கு இரட்டைப் படிவம், இரண்டும் கலந்ததற்கு மேலதிகாரியைப் பார்க்க வேண்டும். நினைவுக்குக் குறைந்தது இருபத்தைந்து வயதாகியிருக்க வேண்டும். போன வியாழக்கிழமை கூடத்தில் நடந்த ஒரு நல்ல சண்டையை நான் எழுதிக் கொடுத்தேன். பழுக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அலறலும் தன் நினைவைச் சொல்ல வந்தார். கவுன்ட்டரில் இருந்தவர் பழைய படத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

“இது நீங்க இல்லையே சார்.”

“நான்தான். முப்பது வருஷம் முன்னாடி.”

“முடி எங்க?”

“கொட்டிடுச்சு.”

“முடியோட வாங்க சார். எங்களுக்கு ஆதாரம் வேணும்.”

கடைசியில் அலறலாக நடிக்க ஒரு நடிகரை நியமித்தார்கள். முடி பிரமாதமாக நின்றது. ஆனால் அலறத் தெரியவில்லை. அலறலே போய்ச் சொல்லிக்கொடுத்தார். நடிகர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்க கொஞ்சம் மிகைப்படுத்தறீங்க சார். அவர் அப்படி இருந்திருக்கமாட்டார்” என்றார்.

தரையில் தேநீர்க் கறை ஒன்று இருந்தது. அதைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். கறை நிபுணர் ஒருவர் வந்து இது மூல காலத்துக் கறை என்று சான்றிதழ் தந்தார். முந்தின நாள்தான் நான் கை தவறிச் சிந்தியிருந்தேன் என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம், பாவம், குடும்பஸ்தர் என்று விட்டுவிட்டேன். கெட்டிலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். தேநீருக்கு எல்லாரும் தெருமுனைக்குப் போகவேண்டியதாயிற்று.

பிறகு பட்டியல் போட்டார்கள். இருநூற்றுப் பதினொன்று, துடைப்பம். இருநூற்றுப் பதின்மூன்று, ஃபியூஸ் பெட்டி. நடுவில் இருநூற்றுப் பன்னிரண்டு நான். “சாவிக்காரர், ஆண். லேசான சேதம். இடம் மாற்றலாகாது.” என் சட்டையில் சீட்டும் ஒட்டிவிட்டார்கள்.

மாலையில் என்னைக் கூட்டிப்போக வந்த என் மனைவி சீட்டைப் படித்துப் பார்த்தாள். “இவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமா?” என்று ஊழியரைக் கேட்டாள்.

“படிவம் எழுதிக் கொடுத்தீங்கன்னா ஒரு நாளைக்கு எடுத்துட்டுப் போலாம்மா. காலையில அதே நிலைமையில திருப்பிக் கொடுக்கணும்.”

“அவ்வளவு அவசரம் ஒண்ணும் இல்ல. வெச்சுக்கங்க” என்று போய்விட்டாள்.

அன்று தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான் வாசல் மேசைக்குப் பின்னாலிருந்த இரும்பு அலமாரி நினைவுக்கு வந்தது. அதன் சாவி என்னிடம்தான் இருந்தது. கடைசியாக எப்போது திறந்தேன் என்பதே மறந்துபோயிருந்தது. திறந்தேன். மேலே முதல் கூட்டத்தின் குறிப்பேடு. முதல் பக்கத்தில் முதலாளியின் கடிதம் ஒட்டப்பட்டிருந்தது. “இன்றைய கூட்டம் முடியும்வரை கூடியிருப்பவர்கள் இந்தக் கட்டடத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கூட்டம் முடிந்ததும் கட்டடம் நகரசபைக்குச் சேரும்.” கீழே கையெழுத்து, முத்திரை, நகரசபையின் ஒப்புதல்.

பக்கத்தைத் திருப்பினேன். “தீர்மானம் ஒன்று: மையத்தின் பெயர். முடிவு எட்டப்படவில்லை. தேநீருக்காகக் கூட்டம் பத்து நிமிடம் ஒத்திவைக்கப்படுகிறது.”

அதற்குப் பிறகு ஏட்டில் தையல் அளவுகள், சதுரங்க வெற்றி தோல்விகள், யார் யாருடைய தொலைபேசி எண்களோ. கூட்டம் மறுபடி கூடியதாக ஒரு வரி கிடையாது.

ஏட்டைத் தூக்கிக்கொண்டு ரொட்டிக்கடைக்கு ஓடினேன். ஓடினேன் என்பதைத்தான் என் மனைவி நம்ப மறுக்கிறாள். ரொட்டிக்கடைக்காரருக்கு இப்போது எண்பத்தாறு வயது. மாவுக் கையோடு வாங்கிப் படித்தார்.

“அண்ணே, கூட்டத்தை நீங்க முடிச்சீங்களா?”

“முடிச்சிருப்பேன்னுதான் நினைக்கிறேன்.” யோசித்தார். “இல்லப்பா. மணி அடிச்சுத் திரும்பக் கூப்பிடணும்னு கையில மணிய வெச்சிக்கிட்டு இருந்தேன். தண்ணி கொதிக்கட்டும்னு காத்திருந்தேன்.”

“அப்புறம்?”

“கொதிச்சுது. அந்தாளு அக்கார்டியன் வாசிச்சான். நல்லா இருந்துச்சு.” கல்லாவுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பித்தளை மணியை எடுத்தார். “அடுப்பு தயாராச்சுன்னு சொல்ல இதைத்தான் அடிக்கிறேன். தப்பாப்பா?”

“தெய்வமே, இதைவிடச் சரியா யாரும் தப்புப் பண்ணியிருக்க முடியாது” என்றேன்.

அருங்காட்சியகத் திறப்பு விழா மாதக் கடைசி நாள், காலை பத்து மணி. முன்வரிசையில் அதிகாரிகள். அடுத்து எங்களாக நடிக்கும் நடிகர்கள். கடைசி வரிசையில் “நேரடி அனுபவம் உள்ளவர்கள்” என்று அட்டை வைத்து எங்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், பாதி ஆடியது. நான் இருநூற்றுப் பதினொன்றுக்கும் இருநூற்றுப் பதின்மூன்றுக்கும் நடுவில் நின்றேன்.

இயக்குநர் பேசினார். “இந்த மையத்தில் எல்லாரும் எல்லாரோடும் பேசினார்கள். சட்டத்தைக் கேள்வி கேட்டார்கள். யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. அந்த உணர்வைப் போற்றும் விதமாக, இனி யாரும் முன்அனுமதி இல்லாமல் உள்ளே வரக்கூடாது, வந்தால் பேசக்கூடாது, காட்சிப் பொருள்களைக் கேள்வி கேட்கக்கூடாது என்று ஏற்பாடு செய்திருக்கிறோம்.” முன்வரிசை கைதட்டியது. ரிப்பனை நோக்கிக் கத்தரிக்கோலோடு நடந்தார்.

“சார், ஒரு நிமிஷம்” என்றேன்.

பட்டியலில் உள்ள பொருள் பேசுவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஏட்டை வாங்கிப் படித்தார். நகரசபையின் வழக்கறிஞரிடம் கொடுத்தார். வழக்கறிஞர் இரண்டு முறை படித்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “கூட்டம் முடியலைன்னா கட்டடம் இன்னும் நமக்கு வரலை சார். நம்ம முத்திரையே இருக்கு.”

இயக்குநர் சிரித்தார். “அவ்வளவுதானே? இப்பவே கூட்டத்தைக் கூட்டி முடிச்சிடலாம். அஞ்சு நிமிஷம்.”

ரொட்டிக்கடைக்காரர் மேடை ஏறி மணியை அடித்தார். “கூட்டம் தொடருது. தேநீர் குடிக்கப் போனவங்க எல்லாரும் வந்தாச்சா?” அந்த ஒரு வரியைப் பதினோரு மொழியிலும் சொல்ல வேண்டும் அல்லவா? சொன்னார்கள். இயக்குநரின் ஐந்து நிமிடம் அதிலேயே தீர்ந்தது.

தீர்மானம் ஒன்று, மையத்தின் பெயர். சதுரங்கக் கிழவர் ஒருவர் ஒரு பெயர் சொன்னார். இன்னொரு கிழவர் அது என்ன என்று கேட்பதற்கு முன்பே எதிர்த்தார். என் மனைவி தன் குழுவின் பெயரையே வைத்துவிடலாம் என்றாள். குழுவுக்கு இதுவரை பெயரே இல்லை என்பதை நான் சுட்டிக்காட்டினேன். அதன் பலனை அன்று இரவுச் சாப்பாட்டில் கண்டேன். அலறல் சொன்ன பெயருக்கு எதிராக, அலறலாக நடித்தவரே கை தூக்கினார். “நீ நானாத்தானே நடிக்கிற? என் பக்கம் தூக்குடா!” என்று அலறல் அலறினார். “இப்ப சரியா வருது சார்” என்று நடிகர் குறித்துக்கொண்டார்.

பொறுக்கமுடியாமல் இயக்குநர் எழுந்தார். “எல்லாருக்கும் பொதுவா, நினைவில்லம்னு வெச்சு முடிங்க.”

“எதிர்க்கிறேன்” என்றார் மொழி வகுப்பிலிருந்து ஒருவர். அது அவர் அந்த மொழியில் கற்ற முதல் முழு வாக்கியம்.

“எதிர்க்கிறீங்களா?” இயக்குநரின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. “காரணம் சொல்லுங்க!” காரணம் சொன்னார். இயக்குநர் பதில் சொன்னார். அதற்கு என் மனைவி பதில் சொன்னாள். மத்தியானம் ஆனது. அவர் டையைக் கழற்றினார். மூன்று மணிக்கு நாற்காலி மேல் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தார். அதிகாரிகள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். இறங்கி வந்தவர் மூச்சு வாங்க என் பக்கத்தில், ஃபியூஸ் பெட்டியின்மேல் சாய்ந்துகொண்டார்.

“பதினேழு வருஷ சர்வீஸ்ல என்கிட்ட ஒருத்தர்கூட எதிர்த்துப் பேசினதில்லைங்க” என்றார். முகம் ஜொலித்தது. “இவ்வளவு நல்லா இருக்கும்னு தெரியாமப் போச்சு. குடிக்க ஏதாவது கிடைக்குமா?”

“கெட்டிலை நீங்கதான் பெட்டிக்குள்ள வெச்சிருக்கீங்க” என்றேன்.

அவரே போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். அவரே தண்ணீர் பிடித்தார். ரொட்டிக்கடைக்காரர் எழுந்து, “தேநீருக்காகக் கூட்டம் பத்து நிமிடம் ஒத்திவைக்கப்படுகிறது” என்றார். அது ஏட்டில் ஏறியது. தண்ணீர் கொதிக்க ஒன்றரை மணி நேரம். யாரோ அக்கார்டியனை எடுத்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் மணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடுப்பைப் பார்க்கவேண்டும் என்று கடைக்குப் போய்விட்டார்.

மையம் தப்பியது. கதை இங்கே முடிந்திருந்தால் நான் இன்று சோபாவில் படுத்திருப்பேன்.

துறை என்றால் தோற்கக் கூடாது அல்லவா? பதினைந்தாம் நாள் ஒரு சுற்றறிக்கை வந்தது. நகரத்தின் மிக நீண்ட தேநீர் இடைவேளையைத் துறை கண்டெடுத்திருப்பதாகவும், அதைப் பாதுகாக்கப்பட்ட மரபாக அறிவித்திருப்பதாகவும் அதில் இருந்தது. கூட்டம் எப்போது வேண்டுமானாலும் மறுபடி கூடலாம் என்பதால், கூடத்தில் சத்தம் போடும் எந்தச் செயலுக்கும் அனுமதி இல்லை. சதுரங்கம் ஆடலாம். மொழி வகுப்பு கிசுகிசுப்பாக நடத்தலாம்.

சுற்றறிக்கையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஆனால் என் மனைவி கேட்டே விட்டாள்.

“மையத்தைக் காப்பாத்திட்டீங்க. ரொம்பப் பெருமையா இருக்கு. வர்ற வியாழன் ஒத்திகை எங்க?”

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன்.

“உங்களைத்தாங்க. எங்க?”

சொன்னேன்.

“அப்படிப் போடுங்க. சோபாவை ஓரமா நகர்த்துங்க” என்றாள்.

ஏழு டிரம்மும் வந்தன. கூடத்தில் அலற முடியாததால் அலறலும் வந்தார். முதுகு காட்டும் நாடகக் குழு என் சமையலறையில் ஒத்திகை பார்க்கிறது. யார் எதைத் தின்றார்கள் என்று கண்டுபிடிக்க முடிவதில்லை. புகார் சொல்ல வந்த கீழ்வீட்டுக்காரருக்கு ஒரு பெயின்ட் டின்னைக் கையில் கொடுத்தாள் என் மனைவி. இப்போது அவர்தான் முதலில் வருகிறார். சத்தம் எந்த அளவுக்கு என்று அளக்க வந்த இயக்குநர் அளந்து முடிக்கவே இல்லை. வியாழன் தவறாமல் வருகிறார். கோப்பை கழுவுவதில் கெட்டிக்காரர்.

போன வாரம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. “தங்கள் இல்லத்தில் மாற்றுக் கலாசார நடவடிக்கைகள் சிறப்பாக நடைபெற்று மறைந்தது எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது. அதை உரிய மரியாதையுடன் நினைவுகூரத் துறை விரும்புகிறது. தாங்கள் எந்தத் தேதியில் காலி செய்வீர்கள் என்பதைத் தெரிவிக்கவும்.” கீழே இயக்குநரின் கையெழுத்து.

கடிதத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். ஆறு முதுகுகளுக்கு நடுவே அவர் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

“சார், இது உங்க கையெழுத்தா?”

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். “ஆமா. ஆபீஸ்ல போட்டது. அங்க இருக்கும்போது நான் ரொம்பக் கண்டிப்பான ஆளு.”

“இப்ப நான் என்ன பண்றது?”

“பதினஞ்சு நாளுக்குள்ள பதில் போடணும். போடலைன்னா வந்து சீட்டு ஒட்டிடுவேன். என்னை நம்பாதீங்க.”

திரும்பி வந்தேன். சோபாவின் ஓரத்தில், கிடைத்த நாலங்குல இடத்தில் உட்கார்ந்தேன். ஒரு புது நோட்டைப் பிரித்து, ஏழு டிரம்முக்கும் மேலாகக் கத்தினேன்.

“எல்லாரும் கொஞ்சம் கேளுங்க! பொதுக்கூட்டம் ஆரம்பிச்சாச்சு. தீர்மானம் ஒண்ணு. இந்த வீட்டுக்கு என்ன பேர் வைக்கலாம்?”

அடி நின்றது. என் மனைவி குச்சியைக் கன்னத்தில் வைத்து யோசித்து ஒரு பெயர் சொன்னாள். ஆறு பெண்களும் ஒரே குரலில் எதிர்த்தார்கள். கீழ்வீட்டுக்காரர் தன் பெயரை முன்மொழிந்தார். அலறல் அலறினார்.

சமையலறைக்குள்ளிருந்து இயக்குநரின் குரல் கேட்டது.

“தண்ணி வைக்கட்டுங்களா?”

“வைங்க சார்” என்றேன். “அடுப்பைச் சின்னதா எரிய விடுங்க.”